தேடல் சர்வர் போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் உஷார், டர்பன் மக்களே

1860-இல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டியலை, சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் குடும்ப வரலாற்றுக் குழு கம்ப்யூட்டரில் ஏற்றி வருகிறது. அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். எழுத்து கொஞ்சம் மாறினாலும் கண்டுபிடித்துத் தர எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் வேண்டியிருந்தது. விளம்பரம் பார்த்து ஒருவரைக் கூப்பிட்டோம்.

விண்டோஸில் ஜிப்பைப் பிரித்தார், கறுப்பு விண்டோவில் எலாஸ்டிக்சர்ச்.பேட் ஓட்டினார், பெயர்கள் வந்தன. முழுப்பணத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த விண்டோவை மூடினால் சர்வரும் நின்றுவிடும் என்று மூச்சுவிடவில்லை. கரண்ட் போய் வந்தது, தேடல் செத்துவிட்டது. அன்றைக்கென்று தன் தாத்தாவின் கப்பலைத் தேடி வந்த ஒரு பாட்டி வெறுங்கையோடு திரும்பினார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

போன் செய்தால், "சர்வர் கெட்டுப்போச்சு அண்ணா, வந்து பார்க்க 650 ராண்ட்" என்றார். வந்தார், அதே கட்டளையை அடித்தார், போனார். கரண்ட் போகும்போதெல்லாம் இதே வசூல். கடைசியில் விண்டோஸ்மேல் பழியைப் போட்டு, தனிக்கட்டணத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றினார். அங்கும் அப்போதைக்கு ஓடவிடும் ஸ்டார்ட் கட்டளையை மட்டும்தான் கொடுத்தார்.

எதுவும் கெட்டுப்போகவில்லை, மக்களே. உபுண்டுவில் டெப் பேக்கேஜ் (.deb என்ற நிறுவல் கோப்பு) போட்டதும் சர்வர் தானாக ஓடாது. 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள்' (systemctl enable) என்ற கட்டளையை ஒருமுறை கொடுத்துவிட்டால், மெஷின் எழும்போதெல்லாம் கூடவே எழும். விண்டோஸில் எலாஸ்டிக்சர்ச்.பேட் இருக்கும் அதே 'பின்' (bin) ஃபோல்டரில் எலாஸ்டிக்சர்ச்-சர்வீஸ்.பேட் இருக்கிறது. அதை இன்ஸ்டால் செய்தாலும் மேனுவலில்தான் நிற்கும், ஆட்டோமேட்டிக் ஆக்க வேண்டும். மேக்கில் டெர்மினலில் ஓட்டினால் அதை மூடியதும் போய்விடும். புரோகிராம்களைத் தானாக எழுப்பும் மேக்கின் லாஞ்ச்டியில் (launchd) பதிந்தால்தான் நிலைக்கும்.

பாஸ்வேர்டையும் தர மறுத்தார். 8-ஆம் பதிப்பில் பாதுகாப்பு தானாகவே ஆன் ஆகி, எலாஸ்டிக் என்ற யூசருக்கு பாஸ்வேர்டைத் திரையில் காட்டும். அதை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டினால் பயப்படாதீர்கள், எலாஸ்டிக்சர்ச்-ரீசெட்-பாஸ்வேர்ட் கருவியால் மாற்றிவிடலாம். நாங்கள் அப்படித்தான் மீண்டோம்.

பணம் கொடுக்குமுன் அவர் எதிரிலேயே மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள். யாரும் கீபோர்டைத் தொடாமல், எலாஸ்டிக்சர்ச்சின் வாசலான 9200 போர்ட் பதில் சொன்னால் மட்டும் பர்ஸைத் திறங்கள்.

பீனிக்ஸில் இன்னொரு குழுவுக்கும் இவர் விலை பேசியிருப்பதாகக் கேள்வி. தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுங்கள்.