எந்த லினக்ஸ் போடுவது? டெபியன், ஆர்ச், மின்ட், உபுண்டு, ஃபெடோரா: ஓர் ஒப்பீடு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அதற்குப் பிறகு சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் புளோக்கில் இருப்பவர்களும் உறவுக்காரர்களுமாக ஏழு பேர் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சில்லுகளை, ஓரிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆனால் அந்த ஏழில் ஐந்து கணினிகள் இன்னும் நாலைந்து வருடம் உழைக்கக்கூடியவை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "லினக்ஸ் போடலாம், சரி. எந்த லினக்ஸ்?"

நான் லினக்ஸுக்கு வந்தது 2000-இல், ரெட் ஹேட் 6.2 வழியாக. சிம் லிம் ஸ்குவேரில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினி அது. மூன்று ஆண்டு கழித்து ரெட் ஹேட் லினக்ஸ் 9-உடன் அந்த வரிசை முடிந்தது. நிறுவனங்களுக்குக் கட்டணப் பதிப்பு, மற்றவர்களுக்கு ஃபெடோரா என்று பாதை பிரிந்தது. நன்றாகப் பழகிய டிஸ்ட்ரோவும் (லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் தொகுப்பு) ஒரு நாள் இல்லாமல் போகும் என்று அப்போதுதான் புரிந்தது. 2005-இல் டெபியன் சார்ஜ் வெளியானதும் அதற்கு மாறினேன். இடையில் மற்றவற்றையும் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என் மேசையில் இன்றும் இருப்பது டெபியன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்தே மேலே படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். ஸ்கிரீன்ஷாட் அழகாக இருக்கிறது என்று டிஸ்ட்ரோ தேர்ந்தெடுக்காதீர்கள். திரையின் தோற்றத்தைத் தரும் மேசைச் சூழல் ஜினோம், கேடிஇ, சினமன், எக்ஸ்எஃப்சிஇ எதுவானாலும் ஏறக்குறைய எல்லா டிஸ்ட்ரோவிலும் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் நினைத்தாலும் மாற்ற முடியாதவை இரண்டு: மென்பொருள்கள் எவ்வளவு வேகமாகப் புதிதாகின்றன, அதை யார் முடிவு செய்கிறார்கள். இவற்றோடு நான் கேட்கும் மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும்விட முக்கியம்: கணினி கோளாறு பண்ணினால் உட்கார்ந்து சரிசெய்யப்போவது யார்?

டெபியனும் ஆர்ச்சும்

இந்த இரண்டும் இரு முனைகள். நடுவில் இருப்பவற்றைப் புரிந்துகொள்ள இவற்றை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

டெபியன் 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. ஸ்டேபிள் பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. வந்தபின் அதிலுள்ள மென்பொருள்களின் பதிப்பு எண் பெரும்பாலும் நகராது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் அதே பழைய பதிப்பில் சேர்த்துத் தருவார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு மூன்று ஆண்டு முழு ஆதரவும் அதற்கு மேல் இரண்டு ஆண்டு நீள்கால ஆதரவும் உண்டு. 2002-இல் ஜட் வினெட் தொடங்கிய ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது. மென்பொருளை எழுதுபவர் புதிதாக ஒன்றை வெளியிட்டால் பெரும்பாலும் சில நாளில் அது பேக்மேன் என்ற நிறுவும் கருவி வழியாக உங்களிடம் வந்துவிடும். கிகாபிட் இணைப்பு வீட்டுக்கு வீடு இருக்கும் சிங்கப்பூரில் வாரம் ஒரு ஜிபி இறக்குவது யாருக்கும் பாரமில்லை. புதுப்பித்த பிறகு எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்க ஆகும் நேரம்தான் செலவு.

புதியதா, பழையதா என்ற இந்த வழக்கில் 2024 மார்ச்சில் நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ஒருவர் திட்டமிட்டுப் பின்கதவு ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். ஈராண்டுக்கும் மேலாக அந்தத் திட்டத்தில் நல்ல பெயர் எடுத்து, பொறுப்பைக் கைக்குக் கொண்டுவந்த பிறகு செய்த வேலை அது. தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக எந்தக் கணினிக்குள்ளும் நுழைய வழி செய்வதுதான் நோக்கம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர் ஆன்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்தபோது அது வெளிவந்தது. அந்தப் பதிப்பு டெபியன் டெஸ்டிங், ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகள், ஓபன்சூசேயின் டம்பிள்வீட், ஆர்ச் ஆகியவற்றுக்குள் போய்விட்டிருந்தது. ஆர்ச்சில் எஸ்எஸ்எச் கட்டப்படும் முறை வேறு என்பதால் அங்கே அது வேலை செய்திருக்காது. டெபியன் ஸ்டேபிளில் அந்தப் பதிப்பு நுழையவே இல்லை.

இதை வைத்து "பார்த்தீர்களா, ஸ்டேபிள்தான் பாதுகாப்பு" என்று நானும் சில நாள் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தபோது மறுபக்கமும் தெரிந்தது. ஃப்ராய்ண்ட் அதைக் கண்டது டெபியனின் சிட் பதிப்பில், அதாவது தினமும் மாறிக்கொண்டிருக்கும் பதிப்பில். புதியதை முதலில் ஓட்டிப் பார்க்க ஆட்கள் இருந்ததால்தான் ஸ்டேபிள் தப்பியது. ஆர்ச், டம்பிள்வீட், சிட் ஓட்டுபவர்கள் நமக்கெல்லாம் காவல் நிற்கிறார்கள். அவர்கள்மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

டெபியனும் தவறே செய்யாத ஒன்றல்ல. 2006-இல் டெபியனில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க மென்பொருளுக்குச் செய்த ஒரு சிறு மாற்றம், சாவிகளை உருவாக்கும் சீரற்ற எண்களை அடியோடு பலவீனமாக்கிவிட்டது. கண்டுபிடித்தது 2008 மே மாதத்தில். அதுவரை ஒவ்வொரு வகைச் சாவிக்கும் ஏறக்குறைய 32,768 வாய்ப்புகளே இருந்தன. எல்லாவற்றையும் ஒரு பொழுதில் முயன்று பார்த்துவிடலாம். அந்த வாரம் நான் பொறுப்பில் வைத்திருந்த ஒவ்வொரு கணினியின் சாவியையும் அழித்துப் புதிதாக உருவாக்கியது இன்னும் நினைவிருக்கிறது. பழையதாக இருப்பதாலேயே ஒன்று பத்திரம் ஆகிவிடாது. அதைத் தினமும் யாரோ கவனிக்க வேண்டும்.

ஆர்ச்சை யாருக்குச் சொல்வேன்? தன் கணினியைத் தானே கவனித்துக்கொள்பவருக்கு. 2022 ஆகஸ்டில், கணினியைத் துவக்கும் நிரலான கிரப்பில் மாற்றம் ஒன்று வந்து ஆர்ச்சிலும் அதன் வழிவந்த எண்டெவர்ஓஎஸ்ஸிலும் பலருடைய கணினிகள் துவங்காமல் நின்றன. யூஎஸ்பியில் துவங்கி கிரப்பை மறுபடி நிறுவத் தெரிந்தவருக்கு அது அரை மணி வேலை. தெரியாதவருக்கு அந்த நாளே போய்விடும். ஆர்ச்சின் பயனர் கிடங்கான ஏயூஆரில் இருக்கும் மென்பொருள் பொதிகளும் பயனர்கள் ஏற்றுபவை. கட்டும் கோப்பைத் திறந்து படிக்காமல் நிறுவக் கூடாது. ஆனால் ஆர்ச் விக்கி! டெபியனில் ஏதாவது புரியவில்லை என்றாலும் நான் முதலில் போவது அங்கேதான். அதைவிட நல்ல லினக்ஸ் ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

டம்பிள்வீட் பற்றி ஒரு வரி: உருளும் டிஸ்ட்ரோதான் (பதிப்பு இல்லாமல் தொடர்ந்து புதிதாகிக்கொண்டே இருப்பது) வேண்டும், ஆனால் பயமாக இருக்கிறது என்றால் அதை எடுங்கள். ஓபன்கியூஏ என்ற தானியங்கிச் சோதனையில் தேறிய பிறகே புதுப்பிப்புகள் வரும். உடைந்தால் ஸ்னாப்பர் மூலம் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

உபுண்டுவும் மின்ட்டும்

உபுண்டுவுக்கு நான் கடன்பட்டவன். 2004-இல் மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய சில மாதங்களிலேயே, கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். என் வீட்டுத் தபால்பெட்டிக்கு வந்த அந்த உறைகளை நண்பர்களுக்குக் கொடுத்தே லினக்ஸுக்கு ஆள் சேர்த்தேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் எல்டிஎஸ் (நீள்கால ஆதரவு) பதிப்புக்கு ஐந்து ஆண்டு ஆதரவு. உபுண்டு ப்ரோவில் பதிவு செய்தால் பத்து ஆண்டு. தனிநபருக்கு ஐந்து கணினி வரை அதுவும் இலவசம். வேலையிடத்தில் உபுண்டு என்றால் வீட்டிலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனத்தாங்கல் ஸ்னாப் என்ற பொதி முறை. 22.04 பதிப்பிலிருந்து, ஆப்ட் என்ற நிறுவும் கருவி மூலம் ஃபயர்ஃபாக்ஸ் கேட்டால் உள்ளே வருவது ஸ்னாப் பொதி. நான் கேட்டது ஓர் இடத்தில், தருவது வேறோர் இடத்திலிருந்து. அந்த ஸ்னாப் கிடங்கை நடத்துவது உபுண்டுவின் நிறுவனமான கனானிக்கல் மட்டுமே. அதன் வழங்கி நிரல் திறந்ததல்ல. மின்ட் இதற்கு 2020-இலேயே மறுப்புச் சொல்லிவிட்டது. மின்ட் 20-இல் ஸ்னாப் தானாக நுழைய முடியாதபடி செய்தார்கள். வேண்டுமானால் நீங்களே அந்தத் தடையை எடுக்கலாம். உபுண்டு எல்டிஎஸ் அடித்தளம், மேலே சினமன், கீழே இடது மூலையில் பட்டியல். விண்டோஸ் 7-இல் பழகிய கை தேட வேண்டியதே இல்லை. மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு.

மின்ட்டுக்கும் ஒரு கெட்ட நாள் உண்டு. 2016 பிப்ரவரியில் அதன் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, 17.3 சினமன் பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். திட்டத்தினரே உடனே வெளிப்படையாக அறிவித்தார்கள். எந்த டிஸ்ட்ரோவானாலும் இறக்கிய கோப்பின் ஷா256 எண்ணை (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) சரிபார்த்துவிட்டு நிறுவுங்கள். இரண்டு நிமிடம்தான்.

தமிழ் எழுத வேண்டுமானால்

ஏழு பேரில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எங்கள் புளோக்கில் ஆறாம் மாடி. அவருடைய முதல் கேள்வி டிஸ்ட்ரோ பற்றியதே அல்ல, விசைப்பலகை பற்றியது. "தம்பி, இதுல தமிழ்99 வருமா?" 1997-இல் தமிழ்நெட் மாநாடு நடந்தது இந்த ஊரில்தான்; நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ் மென்பொருளைச் செய்ததும் இங்கேதான். அவர் கேட்டதில் ஆச்சரியமில்லை.

வரும், எல்லாவற்றிலும் வரும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். விசைப்பலகைத் தளவமைப்புப் பட்டியலில் தமிழ்நெட்99 என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தால் எழுத்துகள் சரியான விசையில் இருக்கும், புள்ளி மட்டும் தானாக விழாது. ஆசிரியர் ம-வை இரண்டு முறை தட்டினார். திரையில் 'மம' என்று நின்றது. அவர் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவிக்கான ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, ஐபஸ் உள்ளீட்டு முறைப் பட்டியலில் இருக்கும் தமிழ்99-ஐத் தேர்ந்தபிறகு மறுபடி தட்டினார். அ, ம, ம, ஆ. 'அம்மா' வந்தது. அடுத்து ங, க. 'ங்க' ஆனது. அதன்பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஒரு பக்கம் தட்டி முடித்துவிட்டார்.

அந்தப் பொதி ஐந்து டிஸ்ட்ரோவுக்கும் கிடைக்கிறது. வேறுபாடு மேசைச் சூழலில்தான். ஜினோம் ஐபஸோடு ஒட்டியே வருகிறது. பொதியை நிறுவியதும் அமைப்புகளிலேயே தமிழ்99 தெரியும். சினமனில் உள்ளீட்டு முறை என்ற கருவிக்குள் போய் ஐபஸைத் தேர்ந்துவிட்டு, வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். கேடிஇயில் வேலண்ட் (திரையில் காட்டும் புதிய முறை) அமர்வு என்றால் அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகைப் பக்கத்தில் ஐபஸைத் தேர வேண்டும். இந்த இடத்தை யாரும் தானாகக் கண்டுபிடிப்பதில்லை.

இணையச் சேவைகளில் தொல்லை இல்லை. சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்), மத்திய சேம நிதி, வருமான வரி எல்லாம் உலாவியில் திறக்கின்றன. உறுதி செய்வது கைபேசியில். நான் அமைத்துக்கொடுத்த ஐந்து கணினிகளிலும் உட்கார்ந்து சரிபார்த்துவிட்டேன்.

ஃபெடோரா

புதிய மடிக்கணினி என்றால் என் பதில் ஃபெடோரா. கடையில் இப்போதுதான் வந்த கணினியின் வைஃபை சில்லும் வரைகலைச் சில்லும் புதிய கெர்னலை, அதாவது லினக்ஸின் மையக் கருவைக் கேட்கும். டெபியன் 13 கெர்னல் 6.12-இல் நிற்கிறது, பேக்போர்ட்ஸ் என்ற கூடுதல் கிடங்கு வழியாகப் புதியது எடுக்கலாம், ஆனால் வைஃபையே இல்லாமல் அதை எப்படி இறக்குவது? ஃபெடோரா ஒரு பதிப்புக்குள்ளேயே கெர்னலை ஏற்றிக்கொண்டு போகிறது. வேலண்டை முன்னிருப்பாக்கியது ஃபெடோரா 25, ஒலிக்கான பைப்வயரை முன்னிருப்பாக்கியது 34. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

விலை இதுதான்: ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ பதின்மூன்று மாத ஆதரவு. வருடத்தில் ஒருமுறையாவது முழு மேம்படுத்தல் செய்தே ஆக வேண்டும். காப்புரிமை காரணமாகச் சில வீடியோ கோடெக்குகள் இருக்காது. ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளிக் கிடங்கைச் சேர்க்க வேண்டும்.

முடிவு யார் கையில் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. ஃபெடோரா சமூகத் திட்டம்தான், ஆனால் பின்னால் நிற்பது ரெட் ஹேட் நிறுவனம். 2020 டிசம்பரில், அந்நிறுவனத்தின் இலவச டிஸ்ட்ரோவான சென்ட்ஓஎஸ் 8-இன் ஆதரவு 2029 வரை இல்லை, 2021 இறுதியோடு முடியும் என்று அறிவிக்கப்பட்டது. அதை நம்பி வழங்கிகள் அமைத்தவர்கள் ராக்கி, ஆல்மா என்ற மாற்று டிஸ்ட்ரோக்களுக்கு ஓட வேண்டியதாயிற்று. உபுண்டுவில் அந்த முடிவு கனானிக்கலிடம். டெபியனில் ஆண்டுதோறும் தேர்தல் நடத்தித் தலைவரைத் தேர்கிறார்கள். 1997-இல் எழுதிய சமூக ஒப்பந்தம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முடிவெடுக்கத் தாமதமாகும், சண்டைகள் நீளும். ஆனால் அதை வாங்கவோ மூடவோ ஒரு நிறுவனத்தால் முடியாது. இருபது வருடமாக நான் அங்கேயே இருப்பதற்கு இதுவே காரணம்.

அந்த ஐந்து கணினிகளுக்கு என்ன போட்டேன்? ஆசிரியருக்கும் என் அத்தைக்கும் இன்னொருவருக்கும் மின்ட். 4 ஜிபி நினைவகம் மட்டும் உள்ள ஒன்றுக்கு எக்ஸ்எஃப்சிஇயுடன் டெபியன். நிரல் எழுதும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு உபுண்டு, அவள் அலுவலகத்தில் அதுதான். மீதி இரண்டில் ஒன்று 32-பிட் கணினி. டெபியன் 13 அதற்கு நிறுவும் கோப்பே தருவதில்லை என்பதால் மின்கழிவுத் தொட்டிக்குப் போனது. மற்றதன் மதர்போர்டு போயிருந்தது. அது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகனுடையது. அவன் புதிதாக ஒன்று வாங்கிவிட்டான். "ஆர்ச் போடட்டுமா மாமா?" என்று கேட்டான். ஃபெடோராவோடு பழைய வட்டு ஒன்றில் ஆர்ச்சையும் வைத்துப் பழகச் சொல்லியிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை முதல் முறையாக ஃபெடோரா மேம்படுத்தலை அவனே செய்யப்போகிறான். தரவுகளை வெளிவட்டில் நகலெடுத்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.