ஐந்து நட்சத்திர ஒட்டுவில்லையை நம்பி ஏர்கோன் வாங்குவோர் கவனத்திற்கு

பாடாங் செராய் வட்டாரத்தில் ஏர்கோன் வாங்க இருப்பவர்கள், குறிப்பாகத் தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற பெற்றோருக்காக வாங்குபவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் பெற்றோரின் படுக்கையறைக்கு, 1 குதிரைத்திறன் கொண்ட ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏர்கோன் என்று சொல்லி ஒரு கடைக்காரர் விற்றார். இரவு முழுவதும் ஓடினாலும் மின்கட்டணம் கட்டுப்படியாகும் என்பதற்காகவே சாதாரண ரகத்தைவிடக் கூடுதல் விலை கொடுத்தோம். உட்புற இயந்திரத்தின் முகப்பில் எரிசக்தி ஆணையத்தின் ஐந்து நட்சத்திர ஒட்டுவில்லையும் இருந்தது.

ஆனால் மின்கட்டணம் மாதாமாதம் எகிறியது. முறையிட்டபோது, "கேஸ் குறைஞ்சிருக்கும்மா, அதனாலதான் கரண்டு இழுக்குது" என்று அம்மாவிடம் சொல்லி ஆளை அனுப்பினார். வந்தவர் வடிகட்டியைக் கழுவி மாட்டினார். அழுத்தமானியை எந்தக் குழாயிலும் பொருத்தவே இல்லை. ஆனாலும் கேஸ் நிரப்பியதாக ரசீது எழுதிப் பணம் வாங்கிச் சென்றார். ஏர்கோனிலுள்ள கேஸ் பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வரும் அது குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

பிறகு எங்களுக்குத் தெரிந்த வயர்மேன் அண்ணன் ஒருவர் வந்து, வெளிப்புற இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டதுமே சந்தேகப்பட்டார். இன்வெர்ட்டர் ரகத்தில் அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். எங்களுடையதோ 'டக்'கென்று நின்று, சற்று நேரத்தில் மறுபடியும் முழு வேகத்தில் கிளம்பியது. இரு இயந்திரங்களின் பக்கவாட்டிலும் இருந்த தகடுகளை அவர் துணியால் துடைத்துக் காட்டினார். அவற்றிலிருந்த மாடல் எண்கள் ஒட்டுவில்லையில் அச்சிட்டவற்றோடு பொருந்தவில்லை. தயாரிப்பாளரின் பட்டியலில் தேடியபோது, அது இன்வெர்ட்டரே அல்லாத மூன்று நட்சத்திர ரகம் என்று தெரிந்தது. வேறொரு மாடலின் ஒட்டுவில்லையை இதில் ஒட்டி விற்றிருக்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களிடம் இப்படிச் செய்ய எப்படி மனம் வந்ததோ!

அந்த ஒட்டுவில்லையில் நட்சத்திரங்கள் மட்டுமல்ல, மாடலும் ஓராண்டுக்கான மின்பயனீடு எத்தனை கிலோவாட் மணி என்பதும் இருக்கும். ஏர்கோனைச் சுவரில் மாட்டுவதற்கு முன்பே அந்த மாடல் எண்ணைத் தகடுகளோடும் பெட்டியோடும் ஒப்பிட்டு, ரசீதிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டதால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும். இதே போன்று ஏமாற்றப்பட்டவர்கள் ஒட்டுவில்லை, தகடுகள், ரசீது ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தாமதிக்காமல் மனு கொடுங்கள். ஒட்டுவில்லையை மட்டும் தயவுசெய்து உரித்துவிடாதீர்கள்.