தினசரி காலண்டர்: கொங்கு வீட்டுச் சுவருக்கு எதை வாங்குவது?

தேதி பார்க்கக் கைபேசி வந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனாலும் கோவை, ஈரோடு, திருப்பூர் வீடுகளின் சுவரிலிருந்து தினசரி காலண்டர் இறங்கவில்லை. காரணம், தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ராகு காலம், குளிகை, சூலம் போன்ற வரிகள். இன்னும் வராத ஒன்றரை மணி நேரம் இப்போது செய்ய வேண்டிய வேலையை நிறுத்திவைப்பது அந்த வரிகளின் வழியாகத்தான். ஆகவே இந்த மதிப்புரையில் சாமி படத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் வரும், வரிகளைப் பற்றித்தான் அதிகம்.

முதலில் பொருள். பெரும்பாலானவை சிவகாசியில் அச்சாகி வருபவை. ஆடி 18 அன்று அங்கே அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பம் வெளியாகும். நகைக்கடையும் மளிகைக்கடையும் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள். அட்டை கனமாக இருக்கிறதா, தாள்கட்டைப் பிடித்திருக்கும் தகரப்பட்டி இரு முனையிலும் இறுக்கமாக மடங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். பட்டி தளர்வாக இருந்தால் ஒரு தாளைக் கிழிக்கும்போது நான்கு தாள் சேர்ந்து வந்துவிடும். பட்டியை ஒரு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தால் தாள் சுத்தமாக வரும். நேராகக் கீழே இழுத்தால் பாதியில் கிழியும்.

இனி ராகு காலம். 'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்ற வாய்பாடு பலருக்கும் மனப்பாடம்; ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை. திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30 என்று வரிசையாகத் தொடங்கும். தாளில் அச்சாவதும் இதேதான், ஆண்டு முழுக்க மாறாமல். ஆனால் இந்தக் கணக்கு 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறையும் சூரியனுக்கானது. கோவையில் அப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. கோவை 77 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 22 நிமிடம் பின்தங்குகிறோம். ஈரோட்டுக்காரர்கள் இதில் 3 நிமிடம் கழித்துக்கொள்ளலாம்.

சரியான முறை எளிது. உங்கள் ஊர் உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எத்தனை நிமிடம் என்று பார்த்து எட்டால் வகுக்க வேண்டும். திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாவது, இப்படியே போய் ஞாயிறுக்கு எட்டாவது. தை மாதம் 10 தேதி வாக்கில் கோவையில் உதயம் ஏறத்தாழ 6.46, அஸ்தமனம் 6.22. ஒரு பங்கு 87 நிமிடம். அப்படியானால் திங்கட்கிழமை ராகு காலம் 8.13 முதல் 9.40 வரை. தாளை நம்பி 9 மணி வரை காத்திருந்து, '9 மணி தாண்டிருச்சுங்க, இனி கெளம்பலாமுங்க' என்று வண்டியை எடுப்பவர் ராகுவின் நடுவில்தான் எடுக்கிறார். தவிர்த்த நேரத்திலோ கிட்டத்தட்டப் பாதி ராகுவே இல்லை. ஆனி மாதத்தில் தலைகீழ்: பகல் நீளம், பங்கு 96 நிமிடம், ஞாயிறு ராகு 5.12 முதல் 6.48 வரை போகிறது. தாளில் 6 மணியோடு முடிந்துவிடும். வைகாசியில் உதயம் 6 மணியை ஒட்டி வருவதால் காலைப் பங்குகள் ஓரளவு பொருந்தும், சாயங்காலம் மறுபடி நழுவும்.

எமகண்டம், குளிகை, கௌரி நல்ல நேரம் மூன்றும் பகலை எட்டாக வகுப்பவைதான். ஆகவே இதே திருத்தம் அவற்றுக்கும் வேண்டும். திதி முடியும் நேரத்துக்கு இது தேவையில்லை. சந்திரனும் சூரியனும் விலகும் பாகைக் கணக்கு அது, சென்னைக்கும் சத்தியமங்கலத்துக்கும் ஒரே கணம்தான். பஞ்சாங்கப் புத்தகத்தில் நாழிகையாகக் கொடுத்திருந்தால் மட்டும், ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் வைத்து அந்தப் பஞ்சாங்கம் கொண்ட உதயத்தோடு கூட்ட வேண்டும்.

ஒவ்வொரு வரியும் வருங்காலத்தை வேறு விதமாக நடத்துகிறது என்பதுதான் இந்தப் பொருளின் சுவை. ராகுவில் தொடங்கியது கெடும். குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும்; அதனால் அந்த நேரத்தில் கடன் வாங்க மாட்டார்கள், அடைப்பார்கள், நகை எடுப்பார்கள், பிணம் எடுக்க மாட்டார்கள். இன்றைய செயல் நாளையும் அதற்கு மறுநாளும் நடக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு செய்யச் சொல்லும் ஒன்றரை மணி நேரம் அது. சோதிடத்தை நம்பாதவருக்கும் உபயோகமான வரி எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். எந்தக் கிழமை எந்தத் திசைக்குப் போகக் கூடாது என்று சொல்லும் சூலத்துக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது. திங்களும் சனியும் கிழக்கே போகக் கூடாது, ஆனால் தயிர் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வடக்கே பால், மேற்கே வெல்லம், தெற்கே தைலம். விதியோடு இவ்வளவு சல்லிசாகப் பேரம் பேசுகிற இடம் தாளில் வேறு இல்லை.

தோட்டக்காரர்கள் பார்ப்பது நோக்கு நாள். பரணி, கார்த்திகை, ஆயில்யம், மகம், பூரம், விசாகம், மூலம், பூராடம், பூரட்டாதி ஒன்பதும் கீழ்நோக்கு. போர்வெல் போடவும் மஞ்சள், கிழங்கு நடவும், அதாவது மண்ணுக்குக் கீழே போகும் வேலைக்கு, இவை. ஆனால் ஈரோட்டுப் பக்கம் விதை மஞ்சள் ஊன்றும் பருவத்தில் ஈரம் இருக்கும் நாளை விட்டுவிட்டு நட்சத்திரத்துக்காக ஒரு வாரம் காத்திருப்பது வீண். ஒன்பது நட்சத்திரம் ஒரு மாதத்தில் விரவித்தான் வரும். ஈரத்துக்கு அருகில் விழுவதை எடுத்துக்கொள்ளலாம்.

முகூர்த்த நாள் வரி மட்டும் தானே பலித்துவிடும். தேதி அச்சானதும் மண்டபம் பிடிக்கப் போட்டி, சத்தியமங்கலத்தில் மல்லிகை விலை ஏற்றம், பத்திரப்பதிவு அலுவலகத்தில் கூடுதல் டோக்கன். கிரகம் வேலை செய்கிறதோ இல்லையோ, அச்சு வேலை செய்கிறது. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் தேய்பிறை முகூர்த்தங்களையும் பாருங்கள். அவற்றைச் சிலர் தவிர்ப்பதால் மண்டபம் கிடைப்பது எளிது.

வாங்குமுன் தாளில் இருப்பது பழைய வாய்பாட்டுக் கணக்கான வாக்கியப் பஞ்சாங்கமா, இன்றைய வானியல் கணக்கான திருக்கணிதமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நட்சத்திர முடிவு மணிக்கணக்கில் விலகலாம். சனிப் பெயர்ச்சியில் அது மாதக்கணக்காகும். திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29 அன்று மீனத்துக்குப் போனார். திருநள்ளாறு பின்பற்றுவது வாக்கியம், அங்கே பெயர்ச்சி 2026 என்றார்கள். அப்போது ஒரே தெருவில் ஒரு மகர ராசிக்காரருக்கு ஏழரைச் சனி முடிந்துவிட்டிருந்தது, இன்னொருவருக்கு இன்னும் ஓர் ஆண்டு பாக்கி இருந்தது. வீட்டில் நாள் குறிக்கும் சோதிடர் எதைப் பார்க்கிறாரோ அதையே வாங்குங்கள். இரண்டையும் மாட்டினால் சண்டைதான் மிஞ்சும். கைபேசிச் செயலி என்றால் முதல் வேலையாக ஊரை மாற்ற வேண்டும். சென்னை என்று இருந்தால் சராசரியாக 13 நிமிடம் முந்தும்.

கடையில் நிற்கும்போதே இரண்டு தாளைப் புரட்டுங்கள்: தையில் ஒரு திங்கள், ஆனியில் ஒரு ஞாயிறு. அங்கே 7.30, இங்கே 4.30 என்று வாய்பாட்டை அப்படியே அச்சிட்டிருந்தால், கூடவே ஒரு பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள்.