எம்பாகிளிஃப்ளோசின் ஜெனரிக் மாத்திரை: விலை இறங்கியது, சீட்டு மாறவில்லை

சர்க்கரை நோய்க்குத் தரப்படும் எம்பாகிளிஃப்ளோசின் மருந்தின் மீது ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் இந்தியாவில் வைத்திருந்த காப்புரிமை 2025 மார்ச் 11 அன்று முடிவுக்கு வந்தது. அதுவரை ஜார்டியன்ஸ் என்ற பெயரில் மாத்திரை ஒன்று ஏறத்தாழ 60 ரூபாய்க்கு விற்ற மருந்தை மேன்கைண்ட், அல்கெம், க்ளென்மார்க் உள்ளிட்ட நிறுவனங்கள் உடனடியாகத் தத்தம் பெயர்களில் ஜெனரிக்காக, அதாவது அதே மூலப்பொருள் கொண்ட வேறு நிறுவன மாத்திரைகளாக, சந்தையில் இறக்கின. மேன்கைண்டின் 10 மில்லிகிராம் மாத்திரை ஐந்தரை ரூபாய் அளவில் வந்தது. நான் வாங்குவது அந்த வரிசையில் நடுத்தர விலையுள்ள ஒன்று.

மாத்திரையில் குறை சொல்ல எதுவுமில்லை. அட்டையில் வணிகப் பெயரைவிட மருந்தின் பெயர் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பதால், கண்ணாடி இல்லாமலேயே சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. இதற்கு மாறிய பிறகு எடுத்த, சுமார் மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் ஒருவருடைய ரத்தப் பரிசோதனையை வைத்து ஒரு மருந்தின் தரத்தைத் தீர்மானித்துவிட முடியாது.

சிக்கல் மருந்துக்கடையில் தொடங்குகிறது. சீட்டில் பழைய பெயர் இருந்தவரை, எங்கள் தெருக் கடைக்காரர் அதைத்தான் எடுத்துக் கொடுத்தார். விலை குறைந்தது இருக்கிறதா என்று கேட்டதற்கு, டாக்டரிடம் எழுதி வாங்கி வாருங்கள் என்றார். அவரைக் கடிந்துகொள்ள நியாயமில்லை. சீட்டில் எழுதப்பட்ட மருந்துக்குப் பதிலாக, அதே மூலப்பொருள் உள்ளதாகவே இருந்தாலும், வேறொன்றைக் கொடுக்கக் கூடாது என்பதே மருந்து விதிகளில் உள்ள நிலை. மருத்துவர்கள் வணிகப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையோ, எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே காப்புரிமை முடிந்ததன் பலன் நோயாளிக்குக் கிடைப்பது பெரும்பாலும் மருத்துவரின் பேனாவைப் பொறுத்தது. என் மருத்துவர் கேட்டவுடன் மாற்றி எழுதினார். கேட்கத் தயங்குவோர் பழைய விலையையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பணத்துக்கு முழு மதிப்புள்ள மாத்திரை என்பதில் ஐயமில்லை. இருப்பினும், விலை மலிந்துவிட்டது என்பதற்காகத் தாமாக வாங்கிச் சாப்பிட ஏற்றதன்று. சிறுநீரகத்தின் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மருந்து என்பதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். பட்டினி கிடக்கும்போது, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப்பொருள் ரத்தத்தில் மிகும் அபாயமும் உண்டு. அறுவைச் சிகிச்சை இருந்தால், குறைந்தது மூன்று நாள் முன்பே இதை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.