வாகனமும் ஒரு களஞ்சியம்: ஈஆர்பிநெக்ஸ்டில் உதிரிப்பாகக் கணக்கு

இலங்கையின் கிழக்கே கல்முனையில் வளிச்சீராக்கியும் குளிரூட்டியும் திருத்தும் எங்கள் வேலைத்தலம், சில ஆண்டுகளாக ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற திறந்த மூல மென்பொருளில் உதிரிப்பாகக் கணக்கை வைத்து வருகிறது. களஞ்சியப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் சொல்வதானால், பாகம் பொருத்தப்பட்ட இடத்திலேயே எழுதப்படும் பதிவை மட்டுமே நம்பலாம். மாலையில் நினைவிலிருந்து எழுதும்போது 35 மைக்ரோபரட் கப்பாசிட்டர் 40 ஆகிவிடும்.

இதற்கு வழிசெய்தது, தொழில்நுட்பவியலாளர் வேலைக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு வான் வண்டியையும் மென்பொருளில் தனிக் களஞ்சியமாகத் திறந்ததுதான். காலையில் வானுக்கு ஏற்றுவது இடமாற்றப் பதிவு. வாடிக்கையாளர் வீட்டில் பொருத்துவது வழங்கல் பதிவு. இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போவதற்கு மென்பொருளில் அனுமதி கொடுக்கலாம், நாங்கள் கொடுக்கவில்லை. ஆகவே களுவாஞ்சிகுடிச் சந்தியில் ஒருவர் மற்றவரின் வானிலிருந்து கைமாற்றாக வாங்கிய விசிறி மோட்டரை, முதலில் இடமாற்றம் எழுதாமல் வழங்கலாகக் காட்ட முடியாது. 'வேலையைப் பார்க்கிறதா, போனைத் தட்டுறதா' என்ற முணுமுணுப்பு எழாமல் இல்லை. எது எந்த வானில் கிடக்கிறது என்று ஆளாளுக்கு அழைத்துக் கேட்கும் தேவை குறைந்ததும் அது அடங்கிவிட்டது.

அதிகம் யோசிக்க வைத்தது, குளிர்விப்பதற்காக இயந்திரத்துக்குள் ஏற்றும் காஸ். அதன் வகைகளில் ஆர்-410ஏ 11.3 கிலோ சிலிண்டரிலும், ஆர்-134ஏ 13.6 கிலோ சிலிண்டரிலும் வருகின்றன. செலவாவதோ கிராம் கணக்கில். இருப்பு அலகைக் கிலோவாகவும் கொள்வனவு அலகைச் சிலிண்டராகவும் வைத்து மாற்று விகிதத்தைக் கொடுத்தால், மிகுதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் இதை முதல் பதிவுக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். கொடுக்கல் வாங்கல் நடந்துவிட்ட பொருளின் இருப்பு அலகை மாற்ற முயன்றால், புதிய பொருளாகத் திறக்கும்படி அது சொல்லும். தொழில்நுட்பவியலாளர் காஸ் ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரைத் தராசில் வைக்கிறார், 15.420 கிலோ 14.680 ஆகியிருந்தால் 0.740 கிலோ வழங்கல். ஏற்றும் குழாயில் தங்கியதும் இந்த வித்தியாசத்துக்குள் வந்துவிடுவதால், சிலிண்டர் முடியும்போது கணக்கும் ஏறத்தாழ முடிகிறது. அடியில் மிஞ்சும் ஆவியை, கணக்கிலுள்ள இருப்பை உண்மை இருப்போடு பொருத்தும் இருப்புச் சீராக்கலில் கழிக்கிறோம்.

குறை என்றால் இணையம்தான். வாகரைப் பக்கத்திலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் உட்கிராமங்களிலும் சமிக்ஞை கிடைக்காத இடங்களில் படிவம் திறக்காது. அங்கே கார்பன் தாள் வைத்த சீட்டுப் புத்தகமே கைகொடுக்கிறது. அந்தச் சீட்டுகளை மாதக் கடைசியில் குவித்துப் பதிவது நல்லதல்ல, ஏனெனில் முன்திகதியிட்ட ஒவ்வொரு பதிவுக்கும் பிந்திய பதிவுகளின் பெறுமதியை மென்பொருள் திரும்பக் கணிக்க வேண்டியிருக்கும். படுவான்கரையிலிருந்து திரும்புவோர் மண்முனைப் பாலத்தைக் கடந்ததும் வானை ஓரங்கட்டிப் பதிந்துவிடும்படி சொல்லியிருக்கிறோம்; பெரும்பாலும் செய்கிறார்கள்.

கொம்பிரசருக்கு மட்டும் தொடரிலக்கம் கட்டாயம், உத்தரவாதம் கேட்டு வருபவருக்கு அதுவே பதில். கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் வெளி அலகு வெப்பத்தில் வெந்து கப்பாசிட்டர்கள் அடுத்தடுத்துப் போவதால், அவற்றின் மீள்கட்டளை மட்டத்தை, அதாவது இருப்பு எவ்வளவுக்குக் குறைந்தால் புதிதாக வாங்க வேண்டும் என்ற அளவை, வைகாசிக்கு முன் உயர்த்தி, மாரி தொடங்கியதும் இறக்குகிறோம்.