அமெரிக்க மேடையில் நார்டிக் இசை: ஏஎஸ்எஃப் மானியம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

நார்டிக் நாடுகளின் (டென்மார்க், நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து) கலைஞர்களை அமெரிக்காவுக்கு அழைத்துக் கச்சேரியோ கண்காட்சியோ நடத்துகிறவர்கள் முதலில் அணுக வேண்டிய இடம், 1910-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன்-ஸ்காண்டிநேவியன் ஃபவுண்டேஷன் (ஏஎஸ்எஃப்). நியூயார்க் பார்க் அவென்யூவில் ஸ்காண்டிநேவியா ஹவுஸ் என்ற பண்பாட்டு மையத்தை நடத்துவதும் இவர்கள்தான்.

இவர்களின் பொதுத் திட்ட மானியம் நிகழ்ச்சி நடத்தும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கானது. கலைஞர் தனியாகக் கேட்டால் கிடைக்காது. அமெரிக்க ரசிகருக்கு இந்நிகழ்ச்சியால் என்ன பயன் என்பதுதான் விண்ணப்பத்தின் உயிர். ஹார்டாங்கர் ஃபிடில் (நார்வேயின் நாட்டுப்புற வயலின்) கச்சேரியோடு பள்ளி மாணவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பும் சேர்த்தால் விண்ணப்பத்துக்கு வலு கூடும். கலைஞரின் பெருமையை மட்டும் நான்கு பக்கம் எழுதினால் எடுபடாது.

குறை, தொகை சிறியது. சில ஆயிரம் டாலர்தான். அதை விசாவே விழுங்கிவிடும். ஐந்து நார்டிக் நாட்டவரும் எஸ்டா என்னும் விசா தேவைப்படாத இணைய அனுமதியில் சுற்றுலா வரலாம், ஆனால் சம்பளத்துக்கு மேடையேற முடியாது. நாட்டுப்புற இசைக்குழுவுக்குப் பொருந்துவது, ஒரு பண்பாட்டுக்கே உரிய கலையை நிகழ்த்துவோருக்கான பி-3 (P-3) விசா. அதற்காக அழைப்பவர் அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் போடும் ஐ-129 மனுவுக்கு 2024 ஏப்ரல் கட்டணப்படி 1,015 டாலர், லாபநோக்கற்ற அமைப்புக்கு 510. ஒரு மனுவில் 25 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் ஒலிப்பொறியாளர் போன்ற துணைப் பணியாளருக்குத் தனி மனு, தனிக் கட்டணம். பட்ஜெட் போடும்போது பலரும் விட்டுவிடுவது இதைத்தான். தாமதமாகி அவசரப் பரிசீலனை கேட்டால் அதே ஆண்டுக் கட்டணத்தில் இன்னும் 2,805 டாலர். நிகழ்ச்சிக்கு ஓராண்டு முன்பே மனு போடலாம் என்பதால், மானிய முடிவுக்காகக் காத்திருக்காமல் ஒப்பந்தம், இசைக்கலைஞர் சங்கத்தின் கருத்துக் கடிதம், நிபுணர் கடிதங்கள் மூன்றையும் முன்னதாகவே திரட்டிவிடுங்கள். பல ஊர்களில் கச்சேரி என்றால் மனுதாரர் முகவராக நின்று முழுப் பயண நிரலையும் இணைக்க வேண்டும். இல்லையென்றால் அனுமதி அவர் நடத்தும் கச்சேரியோடு நின்றுவிடும்.

அடுத்தது வரி. வெளிநாட்டுக் கலைஞரின் மொத்தச் சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்தம். வரி உடன்படிக்கையில் ஸ்வீடன் கலைஞருக்கு ஆண்டுக்கு 6,000 டாலர் வரைதான் விலக்கு, டென்மார்க் கலைஞருக்கு 20,000. கலைஞருக்குத் திருப்பித் தரப்படும் செலவும் இந்த வரம்புக் கணக்கில் சேரும். பிடித்தத்தைக் குறைக்கும் ஒப்பந்தத்துக்கான படிவம் 13930-ஐ முதல் நிகழ்ச்சிக்கு 45 நாள் முன்பாவது அமெரிக்க வரித் துறைக்கு அனுப்புங்கள்.

விமானச் செலவை இந்த மானியத்தில் ஏற்றாமல், கலைஞரையே அவர் நாட்டில் கேட்கச் சொல்வது நல்லது. மியூசிக் நார்வே, மியூசிக் ஃபின்லாந்து போன்றவை இசைஞர்களை வெளிநாட்டுக்கு அனுப்பவே இருக்கின்றன. நார்டிக்-பால்டிக் பயண உதவித் திட்டத்தில் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அது அந்த வட்டார நாடுகளுக்குள் செல்வதற்கு மட்டும். யுஎஸ்ஆர்ட்டிஸ்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற மானியத் திட்டமும் அமெரிக்கக் கலைஞர்கள் வெளிநாடு செல்லத்தான்.

ஒரே ஊர், இரண்டு மூன்று கலைஞர்கள், கையில் பாதிப் பணம் என்றால் தாராளமாக விண்ணப்பியுங்கள். பத்துப் பேர் குழுவோடு ஐந்து நகரச் சுற்றுப்பயணத்துக்கு இதை மட்டும் நம்பித் தேதி குறிக்காதீர்கள்.