குடும்பப் பெயரை மட்டும் கேட்டு வம்சாவளி விற்கிறார்கள், பணம் கட்டிவிடாதீர்கள்

என் அம்மாவைப் பெற்ற பாட்டி ஆங்கிலோ இந்தியர், பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் நெவில். நம் பூர்வீகம் இங்கிலாந்தில் எந்த ஊரோ என்று அம்மாவுக்கு ரொம்ப நாளாக ஏக்கம். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குத் தரலாமே என்று, ஃபேஸ்புக் விளம்பரத்தில் பார்த்த ஒருவருக்கு 18,500 ரூபாய் கட்டினேன்.

அவர் கேட்டது குடும்பப் பெயரும் பாட்டியின் அப்பா பெயரும் மட்டும்தான். எந்த ஊர், எந்த சர்ச், ஞானஸ்நானச் சான்று இருக்கிறதா, எதுவும் கேட்கவில்லை. பத்தே நாளில் 14 பக்க பிடிஎஃப் வந்தது. முகப்பில் சிவப்புக் கேடயம், அதில் வெள்ளைப் பெருக்கல் குறி. உள்ளே, 'கிங்மேக்கர்' என்று பேரெடுத்த வாரிக் பிரபு ரிச்சர்ட் நெவிலில் தொடங்கி, அப்பா மகன், அப்பா மகன் என்று இறங்கி என் கொள்ளுத்தாத்தாவில் வந்து நிற்கிறது. அம்மா அதை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வாரிக் பிரபுவைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். 1471-இல் பார்னெட் போரில் மாண்டவர். முறைப்படி பிறந்தவர்கள் இசபெல், ஆன் என்று இரண்டு பெண்கள்தான். மகனே கிடையாது! ஆன் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் ராணியானாள். அவளுடைய ஒரே மகன் சிறுவயதிலேயே இறந்துவிட்டான். இசபெல்லின் மகனுக்கு 1499-இல் தலை போனது. மகள் மார்கரெட்டின் பிள்ளைகள் வழியாகத்தான் சந்ததி வளர்ந்தது, அவர்களும் போல் என்ற குடும்பப் பெயர்க்காரர்கள். ஆக, அந்த மரத்தின் முதல் கோடே பொய்.

விற்றவரிடம் கேட்டதற்கு, பழைய ஆவணத்தில் இருக்கிறது என்றார். எந்த ஆவணம் என்றேன். அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

கேடயமும் அப்படித்தான். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் ஓர் ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, ஒரு பெயருக்கு உரியதல்ல. இந்தச் சின்னங்களை வழங்கிப் பதிவு செய்யும், 1484-இல் தொடங்கிய லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதைத் தெளிவாகவே சொல்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெயர் இருந்தால், பிரபுவிடமிருந்து இறங்கி வராதீர்கள், பாட்டியிடமிருந்து ஏறிப் போங்கள். சென்னை மாகாண சர்ச் பதிவேடுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் பூர்வீகம் தேடுபவர்களுக்கான ஃபிபிஸ் (FIBIS) என்ற சங்கத்தின் தளத்தில் இலவசமாகவே தேடலாம்.

நான் பெரம்பூர் சர்ச்சில் போய்க் கேட்டேன். பாட்டியின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'எஞ்சின் ஃபயர்மேன்' என்று இருக்கிறது. அடுத்து அந்தத் தகப்பனாரின் கல்யாணப் பதிவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.